பல்லக்காவின் முதுகுப்பை

எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவரைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அங்கே அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையைப் போல ஒன்று செய்வார்கள். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பற்களை நடுவார்கள். அதை ஒருமுறை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்து, சரி என்றால் மெழுகை எடுத்துவிட்டு நிரந்தரப் பல்செட் ஆக்குவார்கள். பதினாறு வருடமாகப் பல்லக்கா இதைத்தான் செய்துவந்தார். முன்பற்களை வரிசை கட்டுவதில் அவர் கைக்கு லேபில் ஈடு கிடையாது.

பெயர் வைத்தது கீழ்வீட்டுப் பிள்ளைகள். கூடவே இருந்த நாத்தனார் அதையும் விட்டுவைக்கவில்லை. அவள் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள், வாய்த்துடுக்கு. பல்லக்கா காலையில் படியிறங்கினால் மாடியிலிருந்து குரல் வரும்: "வழி விடுங்க, வழி விடுங்க! பல்லக்கு கிளம்பிடுச்சு!"

இரண்டு வருடத்துக்கு முன்பு லேப் இடம் மாறியது. நடந்து போகிற தூரத்தில் இருந்தது, ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் வந்தால் இரண்டாவது பஸ் வராது. வேலைக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி வேலை பார்த்த களைப்பு வந்துவிடும். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே நின்ற மகளின் சைக்கிளை இழுத்து வெளியே போட்டார். மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போனதிலிருந்து அதன் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"இந்த வயசுல எதுக்கு? விழுந்து கிழுந்து வச்சேன்னா?" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் அது எங்கே கழன்று விழும் என்றுதான் முதலில் யோசிப்பார்.

"நாப்பத்தஞ்சு எல்லாம் ஒரு வயசா? நீங்க பிரேக் கட்டையை மட்டும் மாத்திக் குடுங்க."

அவரும் மாற்றிக் கொடுத்தார். கூடவே செயினுக்கு எண்ணெய் போட்டு, பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றும் மாட்டிவிட்டு, தலைக்கவசம் போடாமல் தெருமுனையைத் தாண்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து வருடம் கழித்து ஏறியவர் முதல் நாள் தெருமுனை வரைக்கும் போனார், இரண்டாம் வாரம் லேபுக்கே போனார். எட்டுக் கிலோமீட்டர், நாற்பது நிமிடம். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்து, கழிவறையில் மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கை துளிகூட நடுங்காது என்பார்.

தொல்லை கொடுத்தது பைதான். தோளில் மாட்டும் பையோடு போனார். ஒரு திருப்பத்தில் பிரேக் பிடிக்க, பை முன்னால் சரிந்து முட்டியில் இடித்து, அவரைச் சைக்கிளோடு சாய்த்தது. முழங்கை சிராய்த்துக்கொண்டது. வீட்டில் கதவு இடித்துவிட்டது என்றார். "எந்தக் கதவு அண்ணி, ரோட்டுல நடந்து போய்க்கிட்டிருந்த கதவா?" என்று நாத்தனார் கேட்டாள். அதன்பின் பையைப் பின் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். சாப்பாட்டு டப்பாவுக்கும் சட்டைக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் லேப் முதலாளி அவரைக் கூப்பிட்டார். பல்லக்கா வரும் வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, சின்னதாகப் பல் கிளினிக் ஒன்று இருந்தது. அதை நடத்திய பெண் டாக்டர் காலையில் மட்டும்தான் நோயாளிகளைப் பார்ப்பார். லேபின் வேன் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். அதனால் வந்தவர்கள் மறுநாள் திரும்ப வர வேண்டியிருந்தது.

"உங்க வழியிலதானே இருக்கு? மெழுகுப் பல்லை முந்தின நாளே எடுத்துக்கிட்டுப் போய்க் காலைல குடுத்துட்டு வந்திடுறீங்களா?" என்றார் முதலாளி.

பல்லக்கா தலையாட்டிவிட்டார். முதல் தடவை டப்பாவில் பஞ்சு வைத்துக் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். வழி முழுக்கக் குண்டும் குழியும். கிளினிக்கில் டப்பாவைத் திறந்தால் இரண்டு பற்கள் மெழுகை விட்டுக் கழன்று சோழி மாதிரி உருண்டுகொண்டிருந்தன. கேரியரில் அதிர்வு அப்படியே ஏறுகிறது, முதுகில் மாட்டினால் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த தடவைக்கு மகளின் பழைய கல்லூரிப் பையை எடுத்தார். ஜிப்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது, ஊக்கு குத்திக்கொண்டார்.

அன்று நல்ல வெயில். கிளினிக்கில் டாக்டர் டப்பாவை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் உக்காருங்க, ரசீதுல கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். நாற்காலியில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் சாய்ந்திருந்தார். பேண்டு குழுவில் டிரம்பெட் வாசிப்பவர். மேடைப் படியில் தடுக்கி விழுந்ததில் மேல் முன்பற்கள் நான்கும் போய்விட்டன. ஆறு மாதமாக வாத்தியம் உறைக்குள்ளேயே கிடந்தது. டாக்டர் மெழுகுப் பல்லை அவர் வாயில் பொருத்திக் கண்ணாடியைக் கொடுத்தார்.

அவர் பார்த்தார். பல்லக்காவும் பார்த்தார்.

நான்கு பற்களில் மூன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. நாற்பது நிமிடம் வேர்த்த முதுகில் ஒட்டிக்கிடந்த பை. உடம்புச் சூட்டிலும் வெயிலிலும் மெழுகு இளகி, வழியிலேயே பற்கள் நகர்ந்துவிட்டன.

"பேண்டை விட்டுட்டு சர்க்கஸ்ல சேந்துடலாம் போலிருக்கே, டாக்டர்" என்றார் டிரம்பெட்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டார், மறுபடி அதைத் தூக்கவே இல்லை.

பல்லக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பற்களை நட்டிருப்பார்! ஒன்றைக்கூட ஒருவர் வாய்க்குள் இருந்து அவர் பார்த்ததில்லை. பிளாஸ்டர் தாடைக்கு உதடு கிடையாது, அது கண்ணாடி பார்க்காது.

அன்று மாலை சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். "பேசாம வேன்லயே அனுப்பச் சொல்லிடு. உனக்கெதுக்கு இந்தத் தலைவலி?" என்றார் கணவர். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

"சொல்லியிருப்பேன்ங்க. அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்துட்டேனே."

கணவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப முதுகுக்கும் பைக்கும் நடுவுல காத்து போற மாதிரி ஏதாவது பாரு. லிஃப்ட் மோட்டாரைக்கூடச் சுவத்தோட ஒட்டி வைக்க மாட்டோம்" என்றார்.

பல்லக்கா லேபில் உடைந்துபோன பிளாஸ்டர் தாடை ஒன்றை எடுத்து, மிச்சமாகக் கிடந்த ஆறு பற்களை மெழுகில் நட்டார். ஒவ்வொரு பல்லின் கீழும் பிளாஸ்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பல் நகர்ந்தால் கோடு காட்டிக் கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அதை டப்பாவில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை, தண்ணீர் பாட்டில், மெழுகு வேலைக்கான சின்னக் கத்தி, அதைச் சூடாக்கும் ஸ்பிரிட் விளக்கு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாத்தனாரோடு பைக்கடைக்குப் போனார்.

"என்ன பாக்குறீங்க மேடம்? காலேஜுக்கா, டூருக்கா?" என்றார் கடைக்காரர்.

"பல்லு வைக்க."

"பில்லு வைக்கவா? அதுக்கு முன்னாடியே தனி பாக்கெட் இருக்கு, பாருங்க."

"பில்லு இல்லீங்க, பல்லு" என்று நாத்தனார் டப்பாவைத் திறந்து காட்டினாள். கடைக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

பிறகு சமாளித்துக்கொண்டு பைகளை இறக்க ஆரம்பித்தார். முதலில் வந்தது பதினேழு பாக்கெட் வைத்த பை. "எதை எதுல வச்சோம்னு தேடவே ஒரு ஆள் போடணும்" என்று நாத்தனார் தள்ளிவிட்டாள். அடுத்தது உயரமான பை. பல்லக்கா அதை மாட்டி, தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, சைக்கிள் ஓட்டுவதுபோல் குனிந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கவசத்தின் பின்புறம் பையில் முட்டியது. எதிரே வருவது லாரியா நாயா என்று தெரியாது. அதுவும் போயிற்று. மூன்றாவது பை கறுப்பு. வாயைச் சுருட்டிப் பூட்டினால் ஒரு சொட்டு மழை உள்ளே போகாது, துணி அவ்வளவு அருமை. நான்காவது ஒரு மூலையில் தூசு படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. முதுகுப் பக்கம் வில் மாதிரி வளைந்த கம்பி, அதன்மேல் இழுத்துக் கட்டிய வலை. மாட்டினால் வலை மட்டும்தான் முதுகில் படும். பை நான்கு விரல் தள்ளி நிற்கும்.

"அது ஓடலை மேடம். மலையேறுறவங்க வாங்குவாங்கன்னு போட்டேன். இங்க மலைக்கு எங்க போறது?" என்றார் கடைக்காரர்.

பல்லக்கா கறுப்பையும் பச்சையையும் எடுத்து வைத்தார். "ரெண்டையும் ஓட்டிப் பாக்கணும். ஒண்ணொண்ணும் நாப்பது நிமிஷம்."

"மேடம், இது சட்டை இல்ல, போட்டுப் பாத்துட்டுக் குடுக்க. ஓட்டறதுக்கு எடுத்துக்கிட்டுப் போய்ட்டீங்கன்னா நான் யாரைப் போய்த் தேடறது?"

"இவ என் நாத்தனார். இவளை இங்கேயே அடமானம் வச்சுட்டுப் போறேன்."

கடைக்காரர் நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்களை மீட்க வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"அது எனக்கும் இல்லை" என்றாள் நாத்தனார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே.

வெயில் சுள்ளென்று அடித்தது. முதலில் கறுப்புப் பை. உள்ளே எல்லாச் சாமானும், நடுவில் மெழுகுப் பல். பல்லக்கா நேரம் பார்த்து நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டப்பாவைத் திறந்தார். மூன்றாவது பல் கோட்டை விட்டு நகர்ந்திருந்தது. அதைச் சரிசெய்து, ஆறவிட்டு, பச்சையை மாட்டிக்கொண்டு அதே வழியில் இன்னொரு நாற்பது நிமிடம். மார்புக்குக் குறுக்கே ஒரு வார் இருந்தது. அதை மாட்டியதும் திருப்பத்தில் பை ஆடவில்லை. முதுகில் காற்று புகுந்து போவது தெரிந்தது. கேரியரில் பை இல்லாததால் பின்விளக்கும் மறையவில்லை.

திரும்பி வந்தபோது கடையில் கூட்டம். நாத்தனார் எழுந்து நின்று ஒரு தம்பதிக்குப் பதினேழு பாக்கெட் பையை விளக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணி, இந்த ரெண்டு மணி நேரத்துல மூணு பேக் வித்துட்டேன். இவர் என்னைத் திருப்பிக் குடுக்க மாட்டேங்கிறார்" என்றாள்.

பல்லக்கா தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஆறு பல்லும் ஆறு கோட்டின் மேல் அப்படியே நின்றன. கடைக்காரரும் குனிந்து பார்த்தார். இந்த முறை அவர் பின்னால் போகவில்லை.

ஒரு குறை இருந்தது. வளைந்த கம்பி உள்ளே இடத்தைத் தின்றது. எதை எப்படி அடுக்கினாலும் வட்டச் சாப்பாட்டு டப்பா துருத்திக்கொண்டு நின்றது. கறுப்பில் எல்லாம் சுலபமாக உட்கார்ந்தது, மழைக்கும் அதுதான் நல்லது. பல்லக்கா இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார்.

"டப்பாவை மாத்துங்க அண்ணி. பல்லை மாத்த முடியாது" என்றாள் நாத்தனார். "மழைக்கு மேல ஒரு உறை போட்டுக்கலாம். நிறம்தான் சகிக்கலை. ஆனா அரை மைலுக்கு அந்தாண்ட இருந்தே லாரிக்காரனுக்குத் தெரியும்."

பச்சைப் பை வீட்டுக்கு வந்தது.

டிரம்பெட்காரருக்கு மெழுகுப் பல்லை முதலிலிருந்து செய்தார் பல்லக்கா. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, நான்கு பற்களையும் நூல் பிடித்தாற்போல நட்டார். லேப் முதலாளியே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "சிலை மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் காலை கிளினிக்கில் டப்பாவைத் திறந்தபோது ஒன்றும் அசையவில்லை. டாக்டர் பொருத்தினார். கண்ணாடியில் பார்த்தவர், "அடேயப்பா, சினிமாவுல நடிக்கலாம்" என்றார்.

ஆனால் முகம் மலரவில்லை. பல்லக்கா அதைக் கவனித்தார். கையெழுத்து வாங்கியாயிற்று, கிளம்பலாம். கிளம்பவில்லை.

"அண்ணே, ஏதோ சரியில்லையா?"

அவர் தயங்கினார். சட்டைப் பையிலிருந்து விரல் நீளப் பித்தளைக் குழல் ஒன்றை எடுத்தார். டிரம்பெட்டில் உதடு வைத்து ஊதும் பகுதி. "இதை வச்சுப் பாக்கலாமா?"

"ஊதாதீங்க, மெழுகு தாங்காது. சும்மா வச்சு மட்டும் காட்டுங்க."

அவர் வைத்தார். இடது பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார். இருட்டில் சாவித்துவாரம் தேடுகிற மாதிரி இருந்தது. "இது உக்கார்ற இடம் இல்லை, தங்கச்சி. என் பழைய பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். சின்ன வயசுல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. ஆனா முப்பத்தாறு வருஷமா இது அந்த மேட்டுலதான் சாஞ்சு நின்னுச்சு. இப்ப சுவரு மாதிரி இருக்கு, வழுக்குது."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர்.

"கோணப்பல்லு வேணும்னு யாராவது டாக்டர்கிட்டக் கேப்பாங்களா? போன தடவை கோணலா வந்தப்பக்கூட ஒரு நிமிஷம் ஆசையாப் பாத்தேன்."

"அது வேற பக்கம் சாஞ்சிடுச்சு, அண்ணே" என்றார் பல்லக்கா. மூவரும் சிரித்துவிட்டார்கள்.

டாக்டர் தன் மேசையைக் கொஞ்சம் ஒழித்துக் கொடுத்தார். "நீங்களே பண்ணுங்க. இது உங்க கைவேலை." பல்லக்கா பச்சைப் பையிலிருந்து விளக்கையும் கத்தியையும் எடுத்தார். கத்தி முனையைச் சுட வைத்து, இரண்டாவது பல்லின் அடியில் மெழுகை இளக்கி, பல்லை அரிசி முனையளவு வெளியே தள்ளி, லேசாகத் திருப்பினார். வாயில் வைத்துப் பார்த்தார்கள். போதவில்லை. மறுபடி எடுத்தார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போயிற்று. ஐந்தாவது தடவை குழலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு தன்னால் இறுகியது.

"வீட்டுக்கு வந்துட்டேன்" என்றார்.

லேபுக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் பல்லக்கா. "டெலிவரிக்கு அனுப்பினா வைத்தியம் பாத்துட்டு வர்றீங்களா? இங்க வேலையை யார் பாக்குறது?" அவர் பையை இறக்கி வைத்தார். நேராகப் போய் அந்தப் பல்லை, அரிசி முனை மாறாமல், நிரந்தரமாக்கும் வேலையில் உட்கார்ந்தார். எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பல் வந்த அன்றே டிரம்பெட் பாடிவிடவில்லை. முதல் வாரம் எருமை கனைப்பதுபோல் இருந்ததாம், அவரே டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். உதட்டுக்கு ஆறு மாத ஓய்வு. அது மறந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் மாதம் ஒரு விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவுக்குக் குழுவோடு வாசிக்கப் போனார். முன்வரிசை இன்னும் கிடைக்கவில்லை, மேல் சுரங்கள் ஏறவில்லை. இரண்டாம் வரிசையில் நின்றார். பல்லக்கா வீட்டுக்கு மூன்று அழைப்புச் சீட்டுகள் வந்தன.

மைதானத்தில் கணவரும் நாத்தனாரும் கைதட்டினார்கள். பல்லக்கா தட்ட மறந்துபோய் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு வாசிப்பு?" என்று கணவர் கேட்டார்.

"ரெண்டாவது பல்லு நல்லா உக்காந்திருக்கு" என்றார் பல்லக்கா.

கிளினிக் டாக்டர் சும்மா இருக்கவில்லை. லேபுக்கு அவரே போன் செய்து, மெழுகுப் பல் பார்க்கும் நாட்களில் பல்லக்கா கூட இருந்தால் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது பாதியாகக் குறையும் என்று சொன்னார். முதலாளி ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மாதம் திரும்பி வந்த வேலைகளை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். "வாரத்துல ரெண்டு காலை. பதினோரு மணிக்கு இங்க இருக்கணும்" என்றார். இப்போது அது மூன்று கிளினிக், மூன்று காலை ஆகியிருக்கிறது. லேபில் இன்னும் இருவர் நோயாளிகளைப் பார்க்கப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்களில் ஒருவர் சைக்கிள் பழகுகிறார்.

போன வாரம் என் பல்வலிக்காக நானும் அந்த மருந்துக்கடை மாடிக்குப் போயிருந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் ஓர் அம்மாள், கீழ் வரிசை முழுக்கப் புதிதாகக் கட்டப்போகிறவர். கேட்டதற்கெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பதில் சொன்னார். பல்லக்கா ஸ்டூலை அவர் எதிரில் இழுத்துப் போட்டார்.

"அவசரம் ஒண்ணுமில்லம்மா. எதையாவது பேசிக்கிட்டிருங்க. உங்களுக்குப் பிடிச்சது, பிடிக்காதது, எதுன்னாலும் சரி."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். பிறகு, மேல்வீட்டுக்காரர் தினமும் தன் ஜன்னல்மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றித் தொடங்கினார். மெதுவாகத் தொடங்கியவருக்குக் கோபம் ஏற ஏறக் குரலும் ஏறியது. வாளி எவ்வளவு பெரிசு என்று காட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்தார். பல்லக்கா முன்னால் குனிந்து, கண் சிமிட்டாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.